அக்காவின் ஒன்றரை லட்சம்

மகனே,

நலம் விசாரிக்கும் வரியை இந்தக் கடிதத்தில் தேடாதே. செவ்வாய்க்கிழமை காலையில் உன் செய்தி என் ஃபோனுக்கு வந்தது. “அறுபதாயிரம் அனுப்பிட்டேன். கணக்கு முடிஞ்சது. இனிமே அக்கா இதைப் பத்திப் பேசக் கூடாது.” அதை நான் நான்கு முறை படித்தேன். நாலாவது முறை படித்ததும் ஃபோனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். வயதாகி வந்த சிடுசிடுப்பு என்று நினைத்துவிடாதே. எனக்கு அறுபத்தொரு வயதுதான் ஆகிறது, சர்க்கரை கூட இல்லை. கோபம்தான். ஃபோனில் பேசினால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிடுகிறாய், அதில் இரண்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. அதனால் தாளில் எழுதுகிறேன். இதை நீ குறுக்கே பேசாமல் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். படித்துவிட்டு உன் மனைவியிடமும் கொடு. அந்தப் பெண்ணுக்கும் இது தெரிய வேண்டும். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வைகாசியில் உன் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு நானும் கோமதியும் சென்னைக்கு வந்தோம். பால் பொங்கி முடிந்து, மத்தியானம் கீழே இருக்கிற பொதுக் கூடத்தில் சாப்பாடு. உன் மாமனார், அவருடைய அண்ணன்மார், உன் ஆபீஸ்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். உன் மாமனார் உன் தோளைத் தட்டி, “இருபத்தெட்டு வயசுல சொந்த வீடு, சும்மாவா” என்றார். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். “அப்பா நான் பத்தாவது படிக்கும்போதே போயிட்டாங்க மாமா. யார்கிட்டயும் ஒத்த ரூபா கை நீட்டாம, லோன் போட்டுப் படிச்சு, நானே அடைச்சேன்.” எல்லாரும் ஆகா என்றார்கள். அந்த நேரத்தில் உன் அக்கா எங்கே நின்றாள் என்று பார்த்தாயா? உனக்கு எதிர்வரிசையில், சாம்பார் வாளியோடு நின்றாள். பரிமாறுகிற ஆட்கள் பத்தாமல் போனதென்று அவளாகத்தான் வாளியை எடுத்தாள். நீ பேசி முடித்ததும் உன் மாமனாரின் இலைக்குச் சாம்பார் ஊற்றினாள். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. விசேஷ வீட்டில் எதற்கு என்று நினைத்தேன். என் மகனுக்கு மரியாதை கிடைக்கிற இடத்தில் நானே அதைக் கெடுக்க வேண்டுமா என்றும் நினைத்தேன். இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டுகிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அந்த வாய் மூடிய அம்மாவையும் சேர்த்துக்கொள். அவளை நான் தப்பவிடப் போவதில்லை.

திரும்பி வரும்போது கோமதி ரயிலில் ராஜபாளையம் வரை படுத்தே வந்தாள். கரிவலம் தாண்டியதும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

“யம்மா, எம் பணத்தை நான் தம்பிகிட்ட கேக்கப் போறேன்.”

“எந்தப் பணம்?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது.

“ஒத்த ரூபா வாங்கலன்னு சொல்லுதான்லா. அந்த ஒன்றரை லட்சம்.”

பத்து வருஷத்தில் அவள் அந்தப் பணத்தைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்துவிட்டாய், அல்லது மறந்தது போல இருக்கிறாய். எதுவாக இருந்தாலும் மறுபடியும் எழுதுகிறேன். உன் அப்பா விசைத்தறியில் நின்றுகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார். எனக்குச் சத்துணவு அமைப்பாளர் சம்பளம். மேலநீலிதநல்லூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து அரிசி, பருப்பு, முட்டை என்று பதிவேடு எழுதி வாங்கிய அந்தச் சம்பளம் மூன்று வயிற்றுக்குச் சரியாக இருக்கும், நான்காவதாக ஒரு செலவு வந்தால் தாங்காது. கோமதி அப்போதுதான் பி.எஸ்ஸி. கணிதம் முடித்திருந்தாள். உடனே புளியங்குடியில் ஒரு எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்கெழுதப் போனாள். காலை ஆறரை பஸ். ஏலம் முடிந்து, மூட்டைக்கணக்கு சரிபார்த்து, வீட்டுக்கு வர இருட்டிவிடும். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் எலுமிச்சை வாசம் வரும் என்று நீ கேலி செய்வாய். அந்தச் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மீதியைச் சேமிப்புக் கணக்கில் போட்டாள். பி.எட். படிக்க வேண்டும், கணக்கு டீச்சர் ஆக வேண்டும் என்பது அவள் எண்ணம். மூன்று வருஷம் கழித்துப் பாஸ்புத்தகத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. கல்லூரியில் இடமும் கிடைத்தது. அந்தக் கடிதம் வந்த அன்று அவள் எனக்கு அல்வா வாங்கி வந்தாள்.

அதே மாதம் உன் கவுன்சிலிங். சென்னையில் நல்ல கல்லூரி கிடைத்தது. கல்விக்கடன் முதல் வருஷத்துக்கு நேரத்தோடு வராது என்று பாங்கில் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் கட்டணமும் விடுதிப் பணமும் கட்ட வேண்டும். அப்போது நான் செய்ததை எழுதுகிறேன். இதை நீ அறிந்திருக்க மாட்டாய், ஏனென்றால் நீ அந்த நேரத்தில் பெட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாய். நான் கோமதியை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். “ஏட்டி, நீ அடுத்த வருஷம் சேந்துக்கலாம், அவனுக்கு இந்த வருஷம் விட்டா போச்சு” என்றேன். “எவ்வளவு?” என்று கேட்டாள். “ஒன்றரை லட்சம்” என்றேன். அவள் அடுப்பைத் தணித்தாள். “அவன் வேலைக்குப் போனதும் வட்டியோட தந்துருவான். நான் சொல்லுதேன்லா” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “நாளைக்கு நீ இன்னொரு வீட்டுக்குப் போறவ, நீ படிச்சு நாங்களா திங்கப் போறோம்” என்றும் சொன்னேன். ஆமாம், உன் அம்மா சொன்னாள். கோமதி பணம் எடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருஷம் வரவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு செலவு வந்தது. கல்யாணமும் வேண்டாம் என்றாள், அது அவள் முடிவு, அதை இந்தக் கணக்கில் அவளும் சேர்க்கவில்லை, நானும் சேர்க்கவில்லை. அதே கமிஷன் கடையில்தான் இன்றைக்கும் இருக்கிறாள்.

உன் பக்க நியாயத்தையும் எழுதிவிடுகிறேன். மிச்ச மூன்று வருஷத்துக்கு நீ கடன் போட்டுத்தான் படித்தாய். அதை நீயேதான் அடைத்தாய். வேலைக்குப் போன பிறகு எனக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறாய், ஒரு மாதம் தவறியதில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் முதல் வருஷம் இல்லாமல் இரண்டாம் வருஷம் எங்கிருந்து வந்தது?

அவள் உனக்கு ஃபோன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். மரியாதையாகத்தான் கேட்டாள். “தம்பி, அன்னைக்கு எடுத்த பணம் எனக்கு இப்ப வேணும்” என்றாள். நீ என்ன ஏது என்று கேட்கவில்லை. “சரிக்கா, அனுப்புதேன்” என்றாய். அரைமணி நேரத்தில் ஒன்றரை லட்சம் வந்துவிட்டது. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கோமதி ஃபோனைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். பிறகுதான் எனக்கு உறைத்தது. வட்டியோடு தருவான் என்று வாக்குக் கொடுத்தவள் நான். பத்து வருஷம் கழித்து அசலை மட்டும் கொடுத்தால் அது எப்படிச் சரியாகும்? நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது.

“யம்மா, அது சேவிங்ஸ் அக்கவுண்ட்ல கிடந்த பணம். நூத்துக்கு நாலு ரூவா வட்டி. வருஷத்துக்கு ஆறாயிரம். பத்து வருஷத்துக்கு அறுபதாயிரம். அவ்வளவுதான். அனுப்பிட்டாப் போச்சு.”

“அவ்வளவுதானாலே? வருஷா வருஷம் வட்டி சேந்துக்கிட்டே போகும்லா?” என்று கேட்டேன். எனக்கு முறையாகத் தெரியாது, ஏதோ ஒரு நினைப்பில் கேட்டேன்.

நீ சிரித்தாய். “வட்டிக்கு வட்டியா? நம்ம என்னம்மா கந்துவட்டியா வாங்குதோம்? அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவுல வட்டிக்கு வட்டி கேட்டா ஊரு சிரிக்கும்.”

நான் ஃபோனை வைத்துவிட்டேன். கந்துவட்டி என்று சொன்னாயே. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைக் கொண்டுவந்து உன் அக்காவின் தலையில் வைத்தாய். நீ என்ன வேலை பார்க்கிறாய்? பாங்குகளுக்குக் கணக்குப்போடுகிற மென்பொருள் எழுதுகிறாய். அதைச் சொல்லித்தான் எனக்கு விளக்கியிருக்கிறாய், “ஊருல உள்ளவன் டெபாசிட்டுக்கெல்லாம் என் புரோகிராம்தான்மா வட்டி போடுது” என்று. உலகத்துக்கெல்லாம் சரியாகப் போடத் தெரிந்த கணக்கு, அக்காவுக்குப் போடும்போது மட்டும் மறந்துபோனதா?

மறுநாள் நான் பாங்குக்குப் போனேன். தபசுத் திருவிழாவுக்காகத் தெருவெல்லாம் பந்தல் போட ஆரம்பித்திருந்தார்கள், ஆட்டோ உள்ளே வரவில்லை, நடந்தே போனேன். சேமிப்புக் கணக்குப் பிரிவில் ஒரு சின்னப்பெண் உட்கார்ந்திருந்தாள். “தாயி, சேமிப்புக் கணக்குல பணம் சும்மா கிடந்தா வட்டி எப்படிப் போடுவீய?” என்று கேட்டேன். அவள் சலித்துக்கொள்ளவில்லை. ஒரு துண்டுத்தாளை எடுத்துச் சொன்னாள்.

“தினமும் கணக்குல எவ்வளவு இருக்கோ அதுக்கு வட்டி பாப்போம்மா. அதை மூணு மாசத்துக்கு ஒருக்கா கூட்டி அசலோட சேத்துருவோம். அதுக்கப்புறம் அந்த வட்டியும் உங்க அசல்தான். அடுத்த மூணு மாசத்துக்கு அதுக்கும் சேத்து வட்டி வரும்.”

“வட்டிக்கு வட்டியா?”

“ஆமாம்மா. எல்லா பாங்குலயும் அப்படித்தான்.”

“அது கந்துவட்டி இல்லையா தாயி?”

அவள் சிரித்தாள். “எப்படிம்மா? சேந்த வட்டி உங்க பணம்லா? உங்க பணத்தை நாங்க வச்சிருந்தா அதுக்கு வட்டி குடுக்கணும்லா?”

அதை நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிப்பார்த்துக்கொண்டே வந்தேன். வந்ததும் பழைய பதிவேட்டு நோட்டில் மிச்சமிருந்த தாள்களை எடுத்துக் கோடு போட்டேன். நூற்றுக்கு நாலு என்றால் மூன்று மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று. கணக்கு லேசுதான், தொகையில் கடைசி இரண்டு இலக்கத்தை வெட்டினால் வட்டி. ஒன்றரை லட்சத்துக்கு முதல் மூன்று மாதத்தில் ஆயிரத்து ஐந்நூறு. அதை அசலோடு சேர்த்தேன். அடுத்த மூன்று மாதத்தில் ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினைந்து. அதற்கடுத்து ஆயிரத்து ஐந்நூற்று முப்பது. வருஷ முடிவில் வட்டி ஆறாயிரத்துத் தொண்ணூறு ரூபாய், அறுபது பைசா. நீ சொன்னது ஆறாயிரம். வித்தியாசம் தொண்ணூறு ரூபாய்தானே என்று நீ சொல்வாய், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மேலே மேலே போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது. ஐந்தாவது வருஷம் முடிகிறபோது தொகை ஒரு லட்சத்து எண்பத்து மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. பத்தாவது வருஷத்தின் கடைசி மூன்று மாத வட்டி மட்டும் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினொன்று. நாற்பது வரிசை. இரண்டு நாள் போட்டேன். ஒரு இடத்தில் தப்பிப்போய் பதினெட்டாவது வரிசையிலிருந்து மறுபடியும் போட்டேன். கடைசியில் வந்தது இரண்டு லட்சத்து இருபத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பது. நீ கொடுத்தது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். பாக்கி பதின்மூவாயிரத்து முந்நூற்று முப்பது ரூபாய். நடுவில் பாங்குகள் வட்டியைக் குறைத்ததும் உண்டு என்று அந்தப் பெண் சொன்னாள். நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நாலு என்று சொன்னது நீதான்.

அந்தப் பதின்மூவாயிரத்தை உன்னால் கொடுக்க முடியாதா? பால்காய்ப்புக்குப் பூ அலங்காரத்துக்கே அதற்கு மேல் கொடுத்திருப்பாய். எனக்குக் கோபம் அந்தத் தொகையில் இல்லை. சரியான கணக்கு இன்னதென்று தெரிந்தும், கேட்கிறவளுக்குத் தெரியாது என்று நினைத்துக் குறைத்துக் கொடுத்தாய் பார், அதில்தான். அதுவும் கணக்குப் படித்தவளிடம். அவளுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். நீ அறுபதாயிரம் அனுப்பிய அன்றே அவளுக்குத் தெரியும், எவ்வளவு குறைகிறது என்று. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டு முடித்த அன்று கோமதி வேலைவிட்டு வந்ததும் நோட்டை அவள் முன்னால் வைத்தேன். “பாரு, உன் தம்பி எவ்வளவு ஏமாத்தியிருக்கான்னு பாரு. இப்பமே ஃபோனைப் போட்டு நாலு கேள்வி கேக்கேன்” என்று குதித்தேன். அவள் கை கால் கழுவிவிட்டு வந்து, நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தாள். கடைசி வரி வரைக்கும் பார்த்தாள்.

“கூட்டலு எல்லாம் சரியாத்தான் போட்டிருக்க” என்றாள். பிறகு முதல் வரிக்கு வந்து, அந்த ஒன்றரை லட்சத்தின் மேல் விரலை வைத்தாள். “ஆனா இது தப்பு.”

“என்னட்டி தப்பு? ஒன்றரை லட்சம்தான எடுத்தோம்?”

“எடுத்தது ஒன்றரைதான். தம்பி காலேஜுக்கு டிடி எடுத்தது நான்தானம்மா. ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குத்தான் எடுத்தேன். மிச்ச நாப்பதாயிரத்தை ரொக்கமா வாங்கி உன் பையில வச்ச.”

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் நோட்டை மூடினேன்.

ஆமாம் மகனே. உன் கட்டணமும் விடுதியும் சேர்ந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம்தான். நான் உன் அக்காவிடம் பொய் சொன்னேன். உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோது என் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்திருந்தேன். ஏலத்துக்குப் போகப் போகிறதென்று நோட்டீஸ் வந்திருந்தது. அது போய்விட்டால் எனக்கென்று ஒன்றுமே இருக்காது என்று பயந்தேன். கோமதியிடம் சங்கிலிக்கு என்று கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். ஆனால் அப்போது அவள் பி.எட். போகிற சந்தோஷத்தில் இருந்தாள், சங்கிலிக்காக அதை விடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் பெயரைச் சொன்னால் மறுக்க மாட்டாள் என்று தெரியும். அதனால் உன் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எடுத்தேன். நாற்பதாயிரத்தையும் கட்டிச் சங்கிலியை மீட்டேன். அந்தச் சங்கிலிதான் இப்போது உன் மனைவியின் கழுத்தில் கிடக்கிறது. கல்யாணத்தில் நானே போட்டேன். கோமதி பக்கத்தில் நின்று கொக்கியை மாட்டிவிட்டாள். தெரிந்தே மாட்டிவிட்டாள். அதைத் திருப்பிக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே, அந்தப் பெண்ணுக்குப் போட்டது போட்டதுதான். யாருடைய பணத்தில் மீண்டது என்று உங்கள் இருவருக்கும் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

“பத்து வருஷமா தெரியுமாட்டி உனக்கு?” என்று கேட்டேன்.

“டிடி எடுத்தது நான்தானம்மா” என்றாள் மறுபடியும். நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

உன் மேல் குதித்துக்கொண்டிருந்த நான் அந்த ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு கிடந்தேன். நீ பதின்மூவாயிரத்தைக் குறைத்தாய். நான் ஒரு கணக்கையே மறைத்தேன். நீ எங்கிருந்து இதைக் கற்றுக்கொண்டாய் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கோமதியைக் கேட்டால் கொடுத்துவிடுவாள், திருப்பிக் கேட்க மாட்டாள் என்று நீ பதினெட்டு வயதில் என்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாய். நல்ல பாலை உனக்கு ஊற்றிவிட்டு அவளுக்குத் தண்ணீர் கலந்து ஊற்றிய நாட்கள் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். அம்மா செய்தாள், அதனால் நானும் செய்தேன் என்று இதை நீ ஒரு சாக்காக எடுத்துக்கொண்டால் எனக்கு வருகிற கோபம் இதைவிடப் பெரிதாக இருக்கும். எனக்கு அப்போது கையில் ஒன்றும் இல்லை. உன் கையில் இப்போது எல்லாம் இருக்கிறது.

மறுநாள் காலையில் பாங்குக்குப் போய், நான் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் போட்டிருந்த வைப்புத்தொகையை உடைத்தேன். தவணைக்கு முன்னால் எடுத்தால் வட்டியில் பிடித்துக்கொள்வார்கள் என்று அதே சின்னப்பெண் எச்சரித்தாள். “பிடிச்சிக்கோ தாயி” என்றேன். என் நாற்பதாயிரத்துக்கு அதே நாற்பது வரிசை போட்டால் ஐம்பத்தொன்பதாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தைந்து வருகிறது. அந்தத் தொகையைக் கோமதியின் கணக்கில் கட்டினேன். செலுத்துச்சீட்டை நானே என் கையால் எழுதினேன்.

இப்போது நீ மனக்கணக்குப் போடுவாய் என்று தெரியும். நீ வாங்கியது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் மட்டும்தான் என்றால், வட்டிக்கு வட்டி சேர்த்தும் ஒரு லட்சத்து அறுபத்து மூவாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்துதான். ஆக நீ நாற்பத்தாறாயிரத்து இருநூற்று இருபத்தைந்து ரூபாய் அதிகமாகக் கொடுத்திருக்கிறாய். அதை உனக்கு முன்னாலேயே உன் அக்கா போட்டுவிட்டாள். நான் கட்டிவிட்டு வந்த ரசீதைக் காட்டியதும் முதல் வேலையாக உன் ஃபோன் எண்ணைத் தேடி, அந்த நாற்பத்தாறாயிரத்து இருநூற்று இருபத்தைந்தை உனக்குத் திருப்பி அனுப்பினாள். “இருக்கட்டும்ட்டி, அவன்தான, வச்சுக்கோ” என்றேன். “எதுக்கு?” என்றாள். “எனக்கு வரவேண்டியது வந்துட்டு. அவன் பணம் எனக்கு எதுக்கு?”

இந்தக் கடிதம் வருவதற்கு முன்னாலேயே அந்தத் தொகை உன் கணக்கில் விழுந்திருக்கும். என்ன ஏது என்று விழித்திருப்பாய், இல்லையென்றால் பார்க்கக்கூட நேரமில்லாமல் இருந்திருப்பாய். நீ அதிகமாகக் கொடுத்திருந்தாய் என்று தெரிந்ததும் உனக்கு நெஞ்சு லேசாகுமானால், நீ இந்தக் கடிதத்தைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம். ஒன்றரை லட்சம் என்று நினைத்துக்கொண்டுதான் அறுபதாயிரத்தோடு கணக்கை முடித்தாய். உன் கணக்கு சரியாகப் போனது உன் நேர்மையால் இல்லை, என் பொய்யால். அதை அவளுக்குத் திருப்பி அனுப்பித் தாராளம் காட்டாதே. அது உனக்குச் சேர வேண்டிய பணம்.

கோமதி இந்த வருஷம் பி.எட். சேருகிறாள். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கமிஷன் கடை முதலாளி, “முப்பத்து மூணு வயசுல எதுக்கும்மா படிப்பு?” என்று கேட்டாராம். “சேக்கக் கூடாதுன்னு ஏதும் சட்டம் இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு, கணக்கு நோட்டுகளை அவருடைய மருமகனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

பணத்தில் இனி பாக்கி இல்லை. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதனால்தான் இப்போது உன்னிடம் இதைக் கேட்க முடிகிறது. அன்றைக்கு உன் மாமனார் முன்னால், உன் ஆபீஸ்காரர்கள் முன்னால், யாரிடமும் ஒற்றை ரூபாய் வாங்கவில்லை என்று சொன்னாயே, அதை மாற்றிச் சொல். அவர்களிடமே சொல். என் அக்கா டீச்சர் ஆக வைத்திருந்த பணத்தில்தான் நான் முதல் வருஷம் படித்தேன் என்று சொல். என்னிடம் சொல்லாதே, எனக்குத் தெரியும். உன் மாமனாருக்கு ஃபோன் செய்து சொல்லிவிட்டு, அதன் பிறகு தபசுக்கு வா. வந்து உன் அக்காவிடம் கேட்க வேண்டியதைக் கேள். இரண்டையும் செய்ய முடியாதென்றால் இந்த வருஷம் வர வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

நான் நேற்று அவளிடம் கேட்டுவிட்டேன். அறுபத்தொரு வயதில், பெற்ற மகளிடம். அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். “நான் உனக்குப் பண்ணினது தப்புட்டி. உன்கிட்ட பொய் சொன்னேன், அந்தப் பேச்சும் பேசினேன். மன்னிச்சிரு” என்றேன். இந்த நாலு வார்த்தை வெளியே வருவதற்கு மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை ஆனது. அவள் சீப்பை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். பரவாயில்லை என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. “சரிம்மா” என்றாள். எழுந்து போய் இரண்டு பேருக்கும் தட்டு வைத்தாள்.

உனக்கும் அவள் பரவாயில்லை என்று சொல்ல மாட்டாள். அது தெரிந்தே வா.

அம்மா